எண்பது தேசிக்காயும் ஒரு ஜாவாக் கத்தியும்

டோர்ட்மண்டில் உலோகம் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில், நிலத்தளத்தின் மூன்றாவது அறையில் பென்ஜமின் வேலை செய்தான். உடைந்த பாலத்தின் ஆணி, வெடித்த கொதிகலனின் தகடு, வளைந்துபோன தண்டவாளம் என்று எங்கெங்கோ இருந்து இரும்பு வரும். அதில் ஒரு சிறு துண்டை வெட்டிக் கண்ணாடிபோல மினுக்கி, அமிலம் தொட்டுக் கொடுப்பதுதான் அவன் தொழில். அமிலம் பட்டால் மினுக்கம் மங்கி, இரும்புக்குள் ஒளிந்திருக்கும் மணிகளும் கோடுகளும் வெளியே வரும். பொறியியலாளர்கள் அதை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்து, அது ஏன் உடைந்தது என்று அறிக்கை எழுதுவார்கள்.

அமிலம் ஒரு நொடி குறைந்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நொடி கூடினால் எல்லாம் கருகிவிடும். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவார்கள். பென்ஜமின் எண்ணுவதில்லை. துண்டை யன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சரித்துப் பார்த்தபடி நிற்பான். திடீரென்று எடுத்துக் கழுவிவிடுவான். பதினொரு பேர் வேலை செய்யும் அந்தக் கூடத்தில், முரண்டு பிடிக்கும் துண்டு வந்தால் "ஹெர் பென்ஜமினிடம் கொடுங்கள்" என்பார்கள். ஹெர் என்றால் திரு; குடும்பப்பெயரோடு சேர்ப்பது. பென்ஜமின் என்பது அவனுடைய முதற்பெயர் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வருடமாக அவனும் திருத்தவில்லை.

அந்தக் கூடத்துக்குள் அவன் முதன்முதல் போனது தும்புத்தடியோடு. யாழ்ப்பாணம் பாசையூரில் பிறந்தவன், 1989ஆம் ஆண்டு ஒக்டோபர் பதினோராம் திகதி, இருபது வயதில், ஒரு கைப்பையோடு ஜெர்மனிக்கு வந்தான். நான்கு வருடம் ஓர் இத்தாலியச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினான். அங்கேயும் அவன் கழுவிய கோப்பை தனியாகத் தெரியும் என்று முதலாளி சொல்வாராம். பிறகு துப்புரவு நிறுவனம் ஒன்று அவனை அந்தக் கூடத்துக்கு அனுப்பியது. ஒருநாள் மேசை துடைத்துக்கொண்டிருந்தவன், மினுக்கி வைத்திருந்த துண்டொன்றைப் பார்த்து, "இதில் ஒரு கீறல் இருக்கிறது" என்று தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் சொன்னான். கூடத்தின் தலைவி டொக்டர் நீமன் அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. நுணுக்குக்காட்டியில் வைத்தார். கீறல் இருந்தது. அடுத்த மாதம் பென்ஜமினின் கையில் தும்புத்தடி இல்லை.

2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இரண்டாம் மாடியில் இருந்து சுப்ரப்தோ இறங்கி வந்தார். ஒட்டுவேலைகளைப் பரிசோதிக்கும் பொறியியலாளர். ஜாவாத் தீவுக்காரர். படிக்கவென்று வந்து முப்பது வருடம் தங்கிவிட்டவர். கதவைத் தட்டாமல் உள்ளே வரமாட்டார், நாற்காலி காட்டாமல் உட்காரமாட்டார். அன்று மஞ்சள் துணியில் சுற்றிய நீளமான பொட்டலம் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

துணியை அவிழ்த்து, மர உறையை நெற்றியில் தொட்டு, உள்ளிருந்ததை மெல்ல இழுத்தார். பாம்பு நெளிவதுபோல ஒன்பது வளைவு வைத்த ஒரு கத்தி. நெளிவு அழகாக இருந்தது. ஆனால் அடி முதல் நுனி வரை துரு. கருவாடு என்று பென்ஜமினின் வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டான்.

"இது கெரிஸ். என் அப்பாவுடையது" என்றார் சுப்ரப்தோ. "இருபத்தாறு வருடமாக அலுமாரிக்குள் கிடந்துவிட்டது. பிழை என்னுடையது."

கொல்லன் இரும்பையும் நிக்கல் கலந்த வேறோர் உலோகத்தையும் சேர்த்து, மடித்து மடித்து அடித்துச் செய்த கத்தி அது. துருவை நீக்கி வெள்ளையாக்கி, தேசிக்காய்ப் புளியில் பாஷாணம் கரைத்துப் பூசினால் இரும்பு கறுத்துப்போகும்; நிக்கல் வெள்ளையாகவே நிற்கும். அப்போதுதான் கொல்லன் உள்ளே மடித்து வைத்த கோலம் தெரியும். அதைப் பாமோர் என்பார்கள். ஜாவாவில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் கத்தியை விமானத்தில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் கடதாசி வேலைக்கு ஒரு வருடம் போதாது.

"ஓகஸ்ட் இருபத்தேழாம் திகதி மகனுக்குக் கலியாணம். மாப்பிள்ளை இதை முதுகுப் பக்கம் இடுப்பில் செருகிக்கொண்டுதான் நடக்கவேண்டும். நீங்கள் இரும்புக்கு அமிலம் தொடும்போது நான் பார்த்திருக்கிறேன்."

"மெருகு போடத் தெரியும். இது எனக்குப் புதிது" என்றான் பென்ஜமின்.

"எனக்கும் புதிதுதான்." சுப்ரப்தோ சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார்: "ஹாலந்தில் இருந்து என் மாமா வருவார். இந்த விஷயம் தெரிந்தவர். கத்தியை உருவிப் பார்ப்பார். சரியில்லையென்றால் ஒரு வார்த்தை பேசமாட்டார். தான் கொண்டுவந்த கெரிஸை எடுத்து மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார். அவ்வளவுதான். அப்பாவின் கெரிஸை மகன் பாதுகாக்கவில்லை என்று குடும்பம் முழுக்கத் தெரிந்துபோகும். ஒருவரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். அதுதான் கஷ்டம்."

பென்ஜமின் கத்தியை வாங்கினான். சுப்ரப்தோ கொடுத்ததுபோலவே இரண்டு கையாலும்.

பாஷாணம் கூடத்தின் நச்சு அலுமாரியில் இருந்தது. திறப்பு டொக்டர் நீமன் அம்மையாரிடம் இருந்தது. அவர் மூன்று நாள் சட்டப்புத்தகம் படித்துவிட்டு ஐந்து நிபந்தனை விதித்தார். வேலை நேரம் முடிந்த பிறகு செய்யவேண்டும், புகையை இழுக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் செய்யவேண்டும், கையுறை போடவேண்டும், பாஷாணத்தைத் தான்தான் அளந்து கலப்பார், ஒரு சொட்டும் தொட்டிக்குள் ஊற்றக்கூடாது. ஐந்தையும் தட்டச்சு செய்து கூண்டின் கண்ணாடியில் ஒட்டினார். பென்ஜமினுக்கு அந்த அம்மையாரை எப்போதும் பிடிக்கும். ஒட்டிய தாள் ஒரு மில்லிமீற்றர்கூடச் சரிந்திருக்கவில்லை.

முதலில் பழைய பரிசோதனைத் துண்டொன்றில் பார்த்தார்கள். இரும்பும் நிக்கலும் பக்கம் பக்கமாக ஒட்டிய துண்டு. சுப்பர்மாக்கெற்றில் விற்கும் பெரிய பச்சை எலுமிச்சையான லிமெற்றனை வாங்கிப் பிழிந்து, அம்மையார் அளந்த பாஷாணத்தோடு பூசினான். இரும்பு கறுக்கவில்லை. கோப்பை கழுவிய தண்ணீரின் நிறத்துக்கு வந்து நின்றுவிட்டது. மூன்று தரம் பூசியும் அதே நிறம்.

"இந்தப் பழம் இல்லை" என்றார் சுப்ரப்தோ. "எங்கள் ஊர்ப் பழம் சிறியது. தோல் மெல்லியது. வயிறு நிறைய விதை. நகத்தால் கீறினால் மூக்கில் அடிக்கும்."

பென்ஜமினுக்குச் சிரிப்பு வந்தது. "அது எங்கள் தேசிக்காய். எங்கள் தெருவிலேயே கிடைக்கும்."

நோர்ட்ஸ்ராட்டில் பரராசசிங்கம் அண்ணையின் தமிழ்க் கடையில் பத்துக் காய் வாங்கினான். ஒவ்வொன்றையும் நகத்தால் கீறி மோந்து பார்த்தான்.

"தம்பி, இது மாப்பிள்ளை பார்க்கிற கடையில்லை. தேசிக்காய்க் கடை" என்றார் பரராசசிங்கம்.

வீட்டில் பிளோறன்ஸ் அக்கா பிழிந்து போத்தலில் ஊற்றிக் கொடுத்தா. பென்ஜமினுக்கு மூத்தவ. அவன் குடும்பம் மேல்மாடி, அவவின் குடும்பம் கீழ்மாடி. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனாலும், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்பு மடித்து ஒன்றிலும் விளிம்பு பிசகாதவ. போத்தலை இறுக மூடி, சுற்றிலும் துடைத்துக் கையில் கொடுத்தா. பென்ஜமின் நிலக்கீழ் ரயிலில் இருபத்தைந்து நிமிடத்தில் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தான்.

அந்தப் புளியில் பாஷாணம் கலந்து பூசியதும் இரும்பு முதலில் நீலம் பாய்ந்தது. பிறகு சாம்பல். பிறகு நனைந்த கரியின் கறுப்பு. நடுவில் நிக்கல் கோடு பால்போல நின்றது. பென்ஜமின் துண்டைச் சரித்தபடி நின்றான். எடுத்தான். கழுவினான். சுப்ரப்தோ வாயில் கைவைத்தபடி நின்றார்.

அதன் பிறகு கத்தியின் முறை. ஜூலைக் கடைசியில் தொடங்கி, இரண்டு மணிக்கு வேலை முடிய, ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரம். தகரத்தில் அடைத்து வரும் இளநீரில் துருவை ஊறவைத்தான். பூந்திக்கொட்டை நுரையில் பல்துலக்கும் தூரிகையால் தேய்த்தான். ஒன்பது வளைவு, ஒவ்வொன்றுக்கும் உள்ளும் புறமும். தூரிகை பதினான்கு தேய்ந்தது.

"எனக்கு ஒருநாளும் இப்பிடிப் பல் விளக்கிவிட்டதில்லை" என்றாள் அவன் மனைவி லவினியா.

"உனக்குத் துருப்பிடிக்கேல்லையே."

"இன்னும் இல்லையெண்டு சொல்லுங்கோ."

ஓகஸ்ட் இருபத்திரண்டாம் திகதி கத்தி வெள்ளையாகிவிட்டது. விரலால் தடவினால் மணல்போல மெல்லிய மேடு பள்ளம் தட்டுப்பட்டது. கோலம் அங்கேதான் இருந்தது, கண்ணுக்குத்தான் இன்னும் தெரியவில்லை. கடைசி வேலைக்கு நிறையப் புளி வேண்டும். வியாழக்கிழமை புளியில் தோய்த்த பருத்தித் துணியைக் கத்தியில் சுற்றி இரண்டு மணி நேரம் வைக்கவேண்டும். அது கத்தியைக் கடைசியாகத் துப்புரவாக்கும். அன்றே பாஷாணம் பூசிவிட்டால் வெள்ளிக்கிழமை சந்தன எண்ணெய் பூசிக் கொடுத்துவிடலாம். சனிக்கிழமை கலியாணம்.

புதன்கிழமை பிளோறன்ஸ் அக்கா கடையில் இருந்த பெட்டியையே வாங்கிவந்தா. எண்பது காய். எண்ணித்தான் வாங்கினா. தானே இருந்து பிழிந்து, விதை எடுத்து, துணியில் வடித்து, இரண்டு பெரிய போத்தலில் நிரப்பிக் குளிர்ப்பெட்டியில் வைத்தா. ஒவ்வொரு போத்தலிலும் தாள் ஒட்டி எழுதினா: "தேசிப்புளி. 24.08.2005. 40 காய். பென்ஜமினுக்கு. ஒருதரும் தொடக்கூடாது."

வியாழக்கிழமை இரண்டு நாற்பதுக்குப் பென்ஜமின் துணியைப் புளியில் தோய்த்துக் கத்தியில் சுற்றினான். நாலு நாற்பதுக்கு அவிழ்த்தான்.

துணி செங்கல் நிறத்தில் இருந்தது. கத்தியில் அங்கங்கே செம்மஞ்சள் பூத்திருந்தது. காய்ச்சி வடித்த தண்ணீரால் கழுவித் துடைத்தான். பத்து நிமிடத்தில் மறுபடியும் பூத்தது. அவனுடைய ஒரு மாத வேலையைப் பார்த்துச் சிரிப்பதுபோல ஒவ்வொரு வளைவிலும் பூத்தது.

பென்ஜமின் பதறவில்லை. வரிசையாகப் பார்த்தான். தட்டம் புதியது. துணி புதியது. தண்ணீர் வடித்தது. கையுறை மாற்றியிருந்தான். மிச்சம் இருந்தது புளி. போத்தலைத் திறந்து மோந்தான். நல்ல மணம். பாஷாணம் இன்னும் அலுமாரிக்குள்தான் இருந்தது. போத்தல் வீட்டில் இருந்து வந்தபடியே இருந்தது. ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

"ஹெர் பென்ஜமின்" என்றார் கதவடியில் நின்ற டொக்டர் நீமன் அம்மையார். "ஆய்வுகூடத்தில் இருபத்தொரு வருடமாக இருக்கிறேன். இப்போதுதான் முதல் தடவையாக ஒருவர் நக்கிப் பரிசோதிப்பதைப் பார்க்கிறேன்."

பென்ஜமின் தொலைபேசியை எடுத்தான்.

"அக்கா, புளிக்குள்ளை என்ன போட்டனீங்கள்?"

"ஒண்டும் போடேல்லை."

"ஒண்டுமே போடேல்லையோ?"

"ஒண்டும் இல்லையெண்டு சொல்லுறன். உப்பு மட்டுந்தான்."

பென்ஜமின் கண்ணை மூடிக்கொண்டான். வெட்டி மினுக்கிய இரும்புக்கு உப்பைப்போல எதிரி கிடையாது. அந்தக் கூடத்தில் வியர்வைக் கையால்கூட ஒருவரும் துண்டைத் தொடமாட்டார்கள்.

"ஏனக்கா உப்புப் போட்டனீங்கள்?"

"இதென்ன கேள்வி? போன முறை பிழிஞ்ச கையோடை கொண்டுபோயிட்டாய். இது ஒருநாள் இருக்கவேணும். உப்புப் போடாமல் வைச்சால் கைக்காதோ? உப்பில்லாமல் ஆர் புளி வைக்கினம்?"

"தாளிலை எல்லாம் எழுதினீங்கள், உப்பை எழுதேல்லையே."

"தண்ணியெண்டு எழுதிப்போட்டு ஈரமெண்டும் எழுதிறதோ?" என்றா அக்கா. பிறகுதான் அவனுடைய குரல் காதில் ஏறியது. "தம்பி, ஏன்? என்ன நடந்தது?"

சொன்னான்.

அவன் இரண்டாம் மாடிக்கு ஏறிப் போனான். கத்தியைத் துணியில் சுற்றிக் கையோடு கொண்டுபோனான். நாளைக்குச் சொல்லலாம், கொஞ்சம் துப்புரவாக்கிவிட்டுச் சொல்லலாம் என்று அவன் நினைக்கவில்லை. சுப்ரப்தோ பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"எங்கள் வீட்டுப் புளி. உப்புப் போட்டிருந்தது. நான் சுவைத்துப் பார்த்திருக்கவேண்டும்" என்றான் பென்ஜமின். அக்காவின் பெயரை அவன் எடுக்கவில்லை.

"மாமா நாளைக்குப் பின்னேரம் வருகிறார்" என்றார் சுப்ரப்தோ. "அவர் தன்னுடையதைக் கொண்டுவருவார். நீங்கள் இதைப் பெரிதாக எடுக்காதீர்கள்." அவர் முகம் சிரித்தது. கை மட்டும் மஞ்சள் துணியை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தது.

"நாளைக்குப் பின்னேரம் ஆறு மணிவரை தாருங்கள்."

கீழே டொக்டர் நீமன் அம்மையார் நல்ல மனதோடு ஒரு வழி சொன்னார். சுழலும் மினுக்கு இயந்திரத்தில் பிடித்தால் பத்து நிமிடத்தில் துரு போய்விடும். பென்ஜமின் கத்தியை அவர் பக்கம் நீட்டி, "விரலால் தடவிப் பாருங்கள்" என்றான். அவர் தடவினார். மேடு, பள்ளம், மேடு. இயந்திரம் அதைச் சமதரையாக்கிவிடும். கொல்லன் மடித்த மேலடுக்கே போய்விடும். அம்மையார் கையை எடுத்தார். தன் அறைக்குப் போய்ப் புதிய தூரிகை ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய சொந்தத் தூரிகை, பெட்டி பிரிக்காதது.

அன்று ஏழு மணிவரையும் மறுநாள் காலை வேலை தொடங்க முன்னர் ஒரு மணி நேரமும் அவன் துருவை எடுத்தான். பிடிக்கு அருகே மூன்று இடத்தில் ஊசி குத்தியதுபோல குழி விழுந்திருந்தது. அது போகாது. மற்றதெல்லாம் போய்விட்டது. இனித் தேவை உப்புப் படாத புளி, குறைந்தது ஒரு லீற்றர்.

இங்கேதான் பிளோறன்ஸ் அக்கா உள்ளே இறங்கினா. பரராசசிங்கத்தின் கடைக்கு வெள்ளி காலை எட்டு மணிக்கே போய் நின்றா.

"தங்கச்சி, முந்தாநாள் பெட்டியோடை அள்ளிக்கொண்டு போனது ஆர்?" என்றார் பரராசசிங்கம். "இனி நாளைக்கு மத்தியானம்தான் வரும்."

மத்தியானம் கலியாணமே முடிந்துவிடும். அக்கா வீடு வீடாகத் தொலைபேசி எடுத்தா. ஒரு வீட்டில் இரண்டு காய். ஒரு வீட்டில் நாலு, அதில் ஒன்று காய்ந்தது. மூன்றாவது வீட்டில் புளி போத்தலில் இருக்கிறது என்றார்கள். உப்புப் போட்டதோ என்று கேட்டா. ஓம், போடாமல் வைப்பமோ என்றார்கள். பத்து மணிவரையில் பதின்மூன்று காய் சேர்ந்தது. அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தா. நேர்ந்த கையோடு, அன்று வெள்ளிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோயிலில் இராகு காலத்தில் பெண்கள் தேசிக்காய் விளக்கு ஏற்றுவார்கள். காயை இரண்டாக வெட்டிப் பிழிந்து, தோலைப் புறம்மாற்றிக் கிண்ணமாக்கி நெய் விடுவார்கள். தோல்தான் விளக்கு. அப்படியானால் புளி எங்கே போகிறது? அக்கா, தங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளியிருக்கும் குணசேகரம் அண்ணையின் கைத்தொலைபேசிக்கு எடுத்தா. அவர் வெள்ளி தவறாமல் காரில் போய்க் கோயிலில் தொண்டு செய்பவர்.

"அண்ணை, பிளோறன்ஸ் கதைக்கிறன். அங்கை விளக்குக்குப் பிழியிற புளியை என்ன செய்யிறவை?"

"வாளிக்குள்ளை விடுவினம். பிறகு சர்க்கரை போட்டு எல்லாருக்கும் தண்ணியாய்க் குடுப்பம். ஏன் பிள்ளை? வேதத்துக்காரருக்கும் தாகமோ?"

"அண்ணை, அந்தப் புளி முழுக்க எனக்கு வேணும். சீனி விழக்கூடாது. தண்ணி விழக்கூடாது. முக்கியமாய் உப்பு ஒரு கல்லும் விழக்கூடாது."

"ஆருக்கு, என்ன வருத்தம்?"

"கத்திக்கு."

குணசேகரம் அண்ணை கொஞ்சம் யோசித்திருக்கவேண்டும். "சரி. வந்து கதைக்கிறன்" என்றார்.

அவர் பிறகு சொன்ன கதை இது. வாளியை மேசையில் வைத்துப் பக்கத்தில் காவல் நின்றாராம். பெண்கள் பிழிந்து ஊற்றிக்கொண்டே போனார்களாம். ஒரு அம்மா பழக்கதோசத்தில் உப்புப் போத்தலோடு வந்தாவாம். அவர் இரண்டு கையையும் விரித்து வாளிக்கு மேல் நின்றுவிட்டாராம். "அம்பாளுக்கு முன்னாலை அப்பிடிக் கையை விரிச்சுக்கொண்டு நிண்டால், எனக்கு உரு வந்திட்டுதெண்டு நாலு பேர் கும்பிட்டவை" என்றார்.

இரண்டே கால் மணிக்கு, பெரிய ஃபன்ரா போத்தல் ஒன்றரையில் புளி குணசேகரம் அண்ணையின் காரில் கூடத்து வாசலுக்கு வந்துவிட்டது. அக்கா தன் பதின்மூன்று காயையும் அங்கேயே நின்று பிழிந்து சேர்த்தா. வாசலில் வைத்தே அக்காவும் பென்ஜமினும் ஒரு சொட்டுச் சொட்டு நாக்கில் தொட்டுப் பார்த்தார்கள். டொக்டர் நீமன் அம்மையார் யன்னலால் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதிய துணி. புதிய தட்டம். இம்முறை ஒன்றரை மணி நேரம். பென்ஜமின் நாற்காலியில் உட்காரவில்லை. நாலு மணிக்கு அவிழ்த்தபோது துணி வெள்ளையாக வந்தது. கத்தியும் வெள்ளை. உலர்த்திப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றான். ஒன்றும் பூக்கவில்லை.

அம்மையார் பாஷாணத்தை அளந்து கலந்தார். அக்காவைக் கூடத்துக்குள் விடவில்லை. கதவின் கண்ணாடிச் சதுரத்துக்குப் பின்னால் அவவின் முகம் மட்டும் தெரிந்தது. பென்ஜமின் கையுறை போட்டு, கூண்டுக்குள் கையை விட்டு, நுனியில் இருந்து பிடிவரை மெல்லிய தூரிகையால் பூசினான். நீலம் பாய்ந்தது. சாம்பலானது. ஒன்பது வளைவிலும் ஒரே அளவில் ஏறவேண்டும்; ஓரிடம் முந்தினால் அங்கே கருகிவிடும். பூசினான், காற்றில் உலரவிட்டான், மறுபடி பூசினான். ஐந்தாம் தரம் கறுப்பு இறங்கத் தொடங்கியது. சரித்துப் பார்த்தான். இன்னும் இல்லை. ஆறாம் தரம். அம்மையார் கடிகாரத்தைப் பார்க்க எடுத்தார்; பென்ஜமினின் முகத்தைப் பார்த்தார்; கடிகாரத்தைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுவிட்டார்.

ஏழாம் தரம் தூரிகை பாதிவழி போனபோது நிறுத்தினான். எடுத்தான். கழுவினான்.

கறுப்பில் வெள்ளை மணிகள். சிறியதும் பெரியதுமாக, நெளிவு முழுக்க, யாரோ சுளகில் இருந்து ஒரு கை அரிசியை அள்ளித் தூவியதுபோல. இரண்டாம் மாடியில் இருந்து சுப்ரப்தோ எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் பின்னால்தான் நின்றார்.

"சிந்திய அரிசி" என்றார். "அந்தக் கோலத்துக்குப் பெயர் அதுதான். அப்பா சொல்லியிருக்கிறார். நான் ஒருநாளும் பார்த்ததில்லை."

"பிடிக்கு அருகே மூன்று குழி இருக்கிறது" என்றான் பென்ஜமின். "பாருங்கள். இங்கே, இங்கே, இங்கே. அது எங்களால் வந்தது."

சனிக்கிழமை கலியாணம் ஹோர்டேயில் ஒரு மண்டபத்தில். பென்ஜமின், லவினியா, பிளோறன்ஸ் அக்கா, டொக்டர் நீமன் அம்மையார் எல்லாருக்கும் அழைப்பு இருந்தது. பத்தரைக்குச் சுப்ரப்தோ வந்து பென்ஜமினை மட்டும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டார். அக்காவை ஒருவரும் கூப்பிடவில்லை. அவவும் போனா.

ஹாலந்து மாமா மெலிந்த மனிதர். தலையில் இறுக்கக் கட்டிய கபில நிறத் தலைப்பாகை. அவருடைய நாற்காலியின் காலடியில் நீளமான ஒரு துணிப்பை நின்றது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளை ஓரத்தில், உடுத்த சேலைபோன்ற துணியில் கால் அகலவைக்க முடியாமல் நின்றான். டோர்ட்மண்டில் பிறந்த பையன். அதற்கு முதல் நாள்தான் கட்டிப் பழகியிருந்தான்.

மாமா கெரிஸை நெற்றியில் தொட்டார். உருவினார். யன்னல் வெளிச்சத்தில் சற்றே சரித்தார். அந்தச் சரிப்பைப் பென்ஜமின் கவனித்தான். அவனும் அப்படித்தான் சரிப்பான். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடம் ஆனது. கிழவரின் பெருவிரல் நுனியில் இருந்து கீழே இறங்கி இறங்கிப் பிடிக்கு அருகே வந்து நின்றது. தலை நிமிர்ந்து தன் மொழியில் ஒரு கேள்வி கேட்டார்.

"இது என்ன என்று கேட்கிறார்" என்றார் சுப்ரப்தோ. நெற்றி வேர்த்திருந்தது.

பென்ஜமின் வாயைத் திறக்க முன்னர் அக்கா ஒரு அடி முன்னால் வந்தா. சலவைக்கூடத்து ஜெர்மன் மொழியில், தெளிவாக, "அது நான். உப்பு" என்றா.

சுப்ரப்தோ மொழிபெயர்த்தார். உப்பு என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியவில்லை போலும்; எண்பது தேசிக்காயும் கோயில் வாளியும் எல்லாம் வரவேண்டியிருந்தது. கிழவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகம் அசையவில்லை. முடிந்ததும் கத்தியை உறையில் இட்டார். எழுந்தார். மாப்பிள்ளையைத் தோளில் பிடித்துத் திருப்பி, முதுகுப் பக்கம் இடுப்புக் கச்சைக்குள் அந்தக் கெரிஸைச் செருகி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து தன் துணிப்பையைக் கையால் நாற்காலிக்குக் கீழே தள்ளிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே போனார்.

"என்ன சொன்னவர்?" என்று அக்கா பென்ஜமினின் காதுக்குள் கேட்டா.

"ஒண்டும் சொல்லேல்லை."

"ஒண்டுமே?"

சுப்ரப்தோ பென்ஜமினின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். யாரோ கூப்பிட்ட பிறகுதான் விட்டார்.

மண்டபத்தில் எல்லாரும் மணமகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூவும் பொன்னுமாக அவள் வந்த அழகுக்கு வேறெங்கும் பார்க்க ஏலாதுதான். பென்ஜமின் மட்டும் மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்தான். மர உறை மட்டும் தெரிந்தது. பையன் உட்காரத் தெரியாமல் உட்கார்ந்து, கெரிஸ் நாற்காலியில் இடிக்க எழும்பி, மறுபடி உட்கார்ந்தான்.

"இப்ப உருவுவினமோ?" என்று அக்கா கேட்டா.

"கலியாணத்திலை கத்தி உருவுறதோ அக்கா? உறைக்குள்ளைதான் இருக்கும்."

"நாள் முழுக்கவோ?"

"நாள் முழுக்க."

அக்காவுக்குக் கோபம் வந்தது. "அப்ப ஒருதரும் பாக்கேல்லையே. இவ்வளவு பாடுபட்டு, பதினைஞ்சு தூரிகை தேய்ச்சு. முதலே தெரியுமோ உனக்கு?"

"ஓம்" என்றான் பென்ஜமின். "சுப்ரப்தோ ஏப்ரலிலையே சொன்னவர்."

அப்படிச் சொல்லிவிட்டு, சம்பல் போட்ட சோறு எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க எழுந்து போனான்.